கிரில் வலை போட்ட காரில் சூடும் ஏசித் தொல்லையும்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

முன்னால் போகும் லாரியின் சக்கரம் தெறித்துவிடும் ஒரு சின்னக் கல் போதும், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் கதை முடிந்துவிடும். அப்படி ஒன்றை மாற்றிய பிறகுதான் கிரில்லுக்குப் பின்னால் வலை கட்டலாமே என்று பலருக்கும் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று கையில் கிடைத்த கொசுவலைக் கம்பியை வெட்டிக் கட்டினேன். கல் வரவில்லை. காற்றும் வரவில்லை.

அதன் பிறகு என் காரிலும் தெரிந்தவர்கள் கார்களிலும் இந்த வலையை மாட்டிக் கழற்றி, கழற்றி மாட்டிப் பல தடவை ஆகிவிட்டது. வரும் புகார்கள் அதே ஏழெட்டுதான். கீழே அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். உங்கள் காரின் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்; ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

## கை வைக்கும் முன்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இன்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த நொடியிலேயே பொங்கி முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டர் ஃபேன் பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகவே சுற்றத் தொடங்கும். பிளேடு பக்கம் கை போகிற வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

ஏசி பைப் எதையும் தளர்த்தாதீர்கள். பரவலாக உள்ள ஆர்134ஏ வாயு மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. தோலில் பட்டால் பனிப்புண், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

## எல்லா அறிகுறிக்கும் முதல் சோதனை

வலையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இதைச் செய்யாமல், கூலன்ட் ஓடும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியவர்களையும், ஏசி வாயு நிரப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதே சாலை, ஏறக்குறைய அதே நேரம், ஏசி அதே நிலையில். வலையோடு ஒரு ஓட்டம், வலையில்லாமல் ஒரு ஓட்டம். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் கூலன்ட் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்; அது நகரும்போது விஷயம் முற்றியிருக்கும். காரின் கணினித் தகவலைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று இருந்தால் உண்மையான சூடு போனிலேயே தெரியும். ஏசிக்கு, நடு வென்ட்டில் செருகிய ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: இரண்டு ஓட்டங்களுக்கும் கூலன்ட் சூட்டில் ஓரிரண்டு டிகிரி வித்தியாசம் என்றால் வலையை விட்டுவிடலாம். நாலைந்து டிகிரிக்கு மேல் போனால் வலைதான் காரணம், அல்லது காரணத்தில் பாதி. வித்தியாசமே இல்லையென்றால் வலை நிரபராதி. அதன் பின்னால் தேடுங்கள்.

## அறிகுறி: வேகமாகப் போனால் சூடு ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது

இதுதான் அதிகம் வருவது. வேகத்தில் ஃபேனுக்குப் பெரிய வேலை கிடையாது. கார் பாய்கிற வேகத்தில் புகும் காற்றே ரேடியேட்டரை ஆற்ற வேண்டும். அந்தக் காற்று எங்கோ தடுக்கப்படுகிறது.

வலை அடைத்திருக்கிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். இரவில் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணம் போதும், பூச்சிகள் அப்பிக் காய்ந்து வலையின் கண்களை மூடிவிடும். பஞ்சுபோல் பறக்கும் விதைகளும் சேற்றுத் துளிகளும் அதன்மேல் ஒட்டிக்கொண்டால் வலை துணியாகிவிடும். ஈரத்துணியைப் பத்து, பதினைந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். காய்ந்ததைச் சுரண்ட வேண்டாம். பூச்சு போய் அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

வலையின் கண் ரொம்பச் சின்னதா? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கண்ணின் அகலத்தை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்குங்கள். காற்றுக்கு எவ்வளவு திறப்பு என்பது கிடைத்துவிடும். 4 மி.மீ. கண், 0.5 மி.மீ. கம்பி என்றால் சுமார் 79 சதவீதம் திறப்பு. 1.2 மி.மீ. கண், 0.3 மி.மீ. கம்பி, அதாவது ஏறக்குறைய கொசுவலை, என்றால் 64 சதவீதம். 2 மி.மீ. கண்ணுக்கு 0.8 மி.மீ. தடித்த கம்பி போட்டால் 51தான். பாதி வாசலை நாமே அடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இது புது வலையின் கணக்கு. சின்னக் கண்ணை ஒரே ஒரு பூச்சி முழுதாக அடைத்துவிடும், பெரிய கண்ணில் அதன் இறக்கை மட்டும் மாட்டும். அதனால் நான் 3 மி.மீ.க்குக் கீழே போவதில்லை, 6க்கு மேலேயும் போவதில்லை. விரித்த அலுமினியத் தகடு வலை வாங்கினால் கண்களின் சாய்வைக் கவனியுங்கள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் திறந்தும், மறுபக்கமிருந்து பார்த்தால் பலகணிபோல் மூடியும் தெரியும். திருப்பி மாட்டிவிட்டு, காற்று வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

வலை மாட்டும்போது எதையாவது திருப்பி மாட்ட மறந்தீர்களா? இதை யாரும் யோசிப்பதில்லை. பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தடுப்புகளும் ஃபோம் பட்டைகளும் இருக்கும். வருகிற காற்றை நழுவ விடாமல் ரேடியேட்டருக்குள் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. கிளிப் உடைந்தது என்று ஒன்றை விட்டுவிட்டால், காற்று எளிய வழியைப் பார்த்துக்கொண்டு ஓரமாகப் போய்விடும். இன்ஜினுக்கு அடியிலுள்ள தடுப்புத் தட்டு தொலைந்திருந்தாலும் சில கார்களில் இதே கதைதான்: ஊருக்குள் எல்லாம் சரியாக இருக்கும், நெடுஞ்சாலையில் சூடு.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளபளவென்று சுத்தமாகத் தெரியும். அதைத் தாண்டி வந்த நுண்தூசி, பஞ்சு, முடி எல்லாம் பின்னாலுள்ள ரேடியேட்டரின் முகத்தில் கம்பளிபோல் படிந்திருக்கும். வலை போடாமல் பல வருடம் ஓடிய காரில் இது கிட்டத்தட்ட நிச்சயம். மேல் பிராக்கெட்டைக் கழற்றி இரண்டுக்கும் நடுவே டார்ச் வெளிச்சத்தை விடுங்கள். கழுவுவதென்றால் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, வந்த வழியே அழுக்கு வெளியேறும்படி, சாதாரண தோட்டக் குழாயின் அழுத்தத்தில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே காட்டினால் ஃபின்கள், அதாவது குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகள், புல்போல் சாய்ந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும். அமிலமோ காரமோ கலந்த கடுமையான கிளீனர் அலுமினியத்தைத் தின்னும்.

இத்தனைக்குப் பிறகும் சூடு ஏறினால் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். இங்கிருந்து மெக்கானிக்கின் வேலை. கூலன்ட் டப்பாவில் இடைவிடாமல் குமிழி வருகிறது, சைலன்சரிலிருந்து இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறது என்றால் இன்ஜினின் மேல்பாகத்தை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வண்டிக்குள் வியர்த்துக் கொட்டும், இன்ஜின் கொஞ்சம் மூச்சு விடும். சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: நின்றால் சூடு, ஓடினால் சரியாகிவிடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். இங்கே பெரும்பாலும் ஃபேன்தான் குற்றவாளி. வலையைத் திட்டாதீர்கள்.

ஒரு காகிதத் தாள் போதும். இன்ஜின் ஓட, ஏசி முழுதாகப் போட்டு, ஃபேன் சுற்றும்போது தாளைக் கிரில்லின் முன் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொண்டால் காற்று வருகிறது. தொங்கினால் வலையைக் கழற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள். இப்போது ஒட்டினால் வலை அடைப்பு. அப்போதும் ஒட்டவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் நடுவில் அழுக்கு. தாளை வெளியே தள்ளினால் சிரிப்பு வரும், ஆனால் நடப்பதுண்டு: மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்து, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

ஃபேன் சுற்றவே இல்லையா? ஃப்யூஸ், ரிலே, பிளக்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஒரு வேகத்தில் மட்டும் சுற்றவில்லை என்றால் பல கார்களில் ரெசிஸ்டர் போயிருக்கும். மோட்டார், கண்ட்ரோல் மாட்யூல் என்று வந்தால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஏசி குளிரவில்லை

இதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறை வரும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### நின்றால் வெதுவெதுப்பு, ஓடினால் ஜில்

முந்தைய பகுதியில் சொன்ன காகிதத் தாள் சோதனையைச் செய்யுங்கள். வலை கொஞ்சம் அடைத்தாலும் முதலில் தெரிவது இங்கேதான், இன்ஜின் சூட்டில் அல்ல. வரிசையில் முன்னால் நிற்பது கண்டென்சர். அடைப்பின் முதல் அடி அதற்குத்தான். இன்ஜின் சூட்டு முள்ளுக்குச் செய்தி போய்ச் சேரப் பிறகும் நாளாகும். ஆகவே வலை போட்டவர்கள் ஏசியையே எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம்.

### பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது

முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். வென்ட்டில் காற்றே மெதுவாக வந்தால் அதுதான். காற்று நன்றாக வருகிறது, குளிர்தான் இல்லை என்றால் கண்டென்சர் முகத்தைக் கழுவிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் மெல்லிய கசிவு இருக்கலாம்.

### நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று சுத்தமாக இல்லை

கல் பட்டிருக்கலாம். வலையைக் கழற்றி, கண்டென்சரை டார்ச்சின் சாய்ந்த வெளிச்சத்தில் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக நிதானமாகப் பாருங்கள். தேடுவது ஓட்டையை அல்ல, எண்ணெய்க் கறையை. வாயுவோடு, அதை அழுத்தும் கம்ப்ரசரின் ஆயிலும் சுற்றுகிறது. கசிவு இருக்கும் இடத்தில் அது வெளியே வந்து, தூசியைப் பிடித்து, ஈரமான கறுப்புத் திட்டாக நிற்கும். தட்டையான குழாயின் முனையில் ஒரு சின்னப் பள்ளமும் அதைச் சுற்றிப் பிசுபிசுப்பும் கண்டால் முடிவு தெரிந்துவிட்டது.

அப்படி எதுவும் தெரியவில்லை என்றால் கம்ப்ரசர் கிளட்ச் ஃப்யூஸைப் பாருங்கள். அண்மையில் பம்பர் கழற்றியிருந்தால் வெளிவெப்ப சென்சாரின் பிளக்கையும் பாருங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கசிவு உறுதியானால் இனி உங்கள் கை வேண்டாம். பணிமனையில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பக் கூடாது. சில நாளில் மறுபடி அங்கேயே நிற்பீர்கள். இரண்டு, ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். அது வால்வுகளில் உறையும், வாயு எடுக்கும் மெஷினையும் கெடுக்கும் என்பதால் பலர் அப்புறம் அந்த வண்டியைத் தொடவே தயங்குவார்கள். மூன்று, கண்டென்சர் மாற்றினால் ட்ரையரும் மாற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் குறுணைகள் அதற்குள் இருக்கின்றன. ஓட்டை விழுந்து திறந்து கிடந்த நாட்களில் காற்றின் ஈரத்தைக் குடித்து அவை நிரம்பியிருக்கும். பல புதிய கார்களில் அது கண்டென்சரின் பக்கவாட்டிலேயே சேர்ந்து வருகிறது. ஆர்1234ஒய்எஃப் வாயு உள்ள வண்டி என்றால் அதற்கான தனி மெஷின் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. பழைய வாயுவை அதில் கலக்கவும் கூடாது.

## அறிகுறி: வலை இருந்தும் கல் உள்ளே வருகிறது

பெரும்பாலும் மேல் கிரில்லுக்கு மட்டும் வலை போட்டிருப்பார்கள். கண்ணில் படுவது அதுதானே. பம்பருக்குக் கீழே அகலமான இன்னொரு வாய் இருக்கிறது. சாலைக்கு அருகே இருப்பது அதுதான், கண்டென்சரின் கீழ்ப்பாதி நேராகத் தெரிவதும் அதன் வழியாகத்தான். ஒன்றுக்குத்தான் வலை வாங்கலாம் என்ற நிலை வந்தால் கீழ்வாய்க்குப் போடுங்கள்.

அடுத்து, ஓரங்களைப் பாருங்கள். வலைக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழைந்தால் கல்லும் நுழையும்.

ஃபின்கள் அங்கங்கே மட்டும் வளைந்திருந்தால் தொடாமல் விடுங்கள். ஒரு பெரிய திட்டாகச் சாய்ந்திருந்தால் அதற்கான பிளாஸ்டிக் சீப்பு வாங்கி மெதுவாக நிமிர்த்தலாம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் நிமிர்த்தப் போய்க் குழாயையே குத்தியவர்கள் உண்டு.

## அறிகுறி: கண்டென்சரில் பளபளவென்று தேய்ந்த தடம்

வலை கண்டென்சரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வண்டி அதிர அதிர அரம்போல் அராவும். தொடாமல் ஆனால் ஒட்டினாற்போல் இருந்தாலும் ஆபத்துதான்: கல் அடித்ததும் வலை உள்ளே குழிந்து, அடியைக் கண்டென்சருக்கே கொடுத்துவிடும். குறைந்தது 2 செ.மீ. இடைவெளி விடுங்கள், இடம் இருந்தால் இன்னும் கூடுதலாக.

ஃபின்கள் நடுவே ஜிப் டையை நுழைத்துக் கட்டியிருந்தால் இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். வலையைப் பம்பரின் பிளாஸ்டிக் கம்பிகளில்தான் கட்ட வேண்டும். கறுப்பு ஜிப் டையே வாங்குங்கள். வெள்ளை நிறத்தது வெயிலில் சீக்கிரம் உடையும். எஃகு வலை அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஓரத்தில் ரப்பர் விளிம்பு போட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கூலன்ட் குறைகிறது

ஆறிய இன்ஜினில் டப்பாவின் அளவைக் குறித்துக்கொண்டு நாலு நாள் பாருங்கள். ரேடியேட்டர் முகத்தில் பச்சை, சிவப்பு அல்லது வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கசிவு அங்கே. கண்டென்சருக்குப் பின்னால் இருப்பதால் கல் நேராக ரேடியேட்டரை உடைப்பது அபூர்வம். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப், மூடியின் ரப்பர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் குறைகிறது என்றால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை கேளுங்கள்.

## அறிகுறி: வலை மாட்டியதிலிருந்து சத்தம்

விசில் என்றால் ஏதோ ஒரு விளிம்பில் காற்று சீவுகிறது. அங்கே ஃபோம் பட்டை ஒட்டுங்கள். தடதடப்பு என்றால் வலை தளர்ந்திருக்கிறது, நடுவில் இன்னொரு டை போடுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'டர்ர்ர்' என்றால் வெட்டாமல் விட்ட ஜிப் டையின் வால் அடித்துக்கொண்டிருக்கும்.

## அறிகுறி: எச்சரிக்கை விளக்கு, தவறான வெப்பநிலை

வெளிவெப்பம் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் பிளக் கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே உறைபனி என்று நம்பி ஏசி கம்ப்ரசரையே சில கார்கள் நிறுத்திவிடும். வெளியே 30 இருக்கும்போது 45 காட்டினால், சென்சார் இடம் மாறி ரேடியேட்டரின் வெக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முன்வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே குறைக்கும் வசதி வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தால், ரேடாரின் முன்னால் உலோக வலை வந்துவிட்டது. சில கார்களில் அது லோகோவுக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் கீழ்வாயின் நடுவில். அந்த இடத்தை முழுதாக வெட்டி விட்டுவிடுங்கள். வெட்டிய பிறகும் செய்தி மறையவில்லை, அல்லது வேலையின்போது ரேடாரை அசைத்துவிட்டீர்கள் என்றால், அதைக் கருவி வைத்து நேர்ப்படுத்தும் இடத்துக்குப் போக வேண்டும். கண்ணளவில் திருப்பி வைக்கும் சாமான் இல்லை.

கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் பலகைகள் உள்ள கார் என்றால், வலையையும் டையையும் அவை அசையும் பாதையில் வராமல் முன்பக்கமாகவே கட்டுங்கள். துளை போடும் எண்ணம் இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். ஏர்பேக்குக்கான மோதல் சென்சார்கள் பல கார்களில் அந்த முன் சட்டத்தில்தான் திருகப்பட்டிருக்கின்றன. எட்டு ஜிப் டையில் முடிகிற வேலைக்கு டிரில்லர் எதற்கு?